பம்பாயில வாங்காத பாடி

தாயம்மாக்கா,

கொழம்பு சட்டியில கீது, சுட வெச்சி துன்னு. நான் தையல் கிளாசுக்குப் போறேன்.

நேத்து கொழாயடியில பொன்னியம்மாக்கா, "இன்னா தாயம்மா, கூன் போட்டுகினு நடப்ப, இப்ப நிமிந்துகினு போற, உள்பாடி எங்க வாங்கின?"ன்னு கேட்டாங்க. நீ, "எங்க ஊட்டுக்காரரு பம்பாயிலேர்ந்து வாங்கினாந்தாரு"ன்ன. நான் கொடத்தோட பக்கத்துலயே நிக்கிறேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி இருந்துச்சி.

கடை பாடி தோளை அறுக்குதுன்னு அழுதியே, அப்ப அளவெடுத்தது யாரு? தோள்ல வெயிட்டு வரக்கூடாது, கீழ்ப்பட்டிதான் தாங்கணும்னு பிரிச்சிப் பிரிச்சித் தெச்சது யாரு? தங்கச்சி தெச்சான்னு சொல்ல அவ்ளோ வெக்கமா?

சாயங்காலம் பொன்னியம்மாக்கா நம்ம ஊட்டுக்கு வராங்க. அவங்களுக்கும் தோள் வலி. பம்பாயிலேர்ந்து இன்னொன்னு வாங்கியார மாமாவாண்ட சொல்லணுமாம். மாமா அரக்கோணம் தாண்டினதில்ல. இன்னா சொல்லுவியோ நீயே சொல்லிக்க. நெசத்த சொன்னீன்னா அப்டியே அவங்க அளவும் எடுத்து வெய்யி.

நாகவல்லி

உனக்கு ரெண்டாவது ஒண்ணு தெச்சி தலகாணிக்குக் கீழ வெச்சிகீறேன். கீழ்ப்பட்டிய இன்னும் அகலமா போட்டுகீறேன். கோவம் உன் மேலதான், உன் தோள் மேல இல்ல.