சனிக்கிழமைக் கேள்விகள்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். போதகர் பக்கத்தில் வந்து நின்றார். சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஆலய அலுவலகத்துக்கு வந்து நான் அவரைக் கேள்வி கேட்க வேண்டுமாம். அந்த வாரம் எப்படி நடந்துகொண்டார், யாரிடம் எரிந்து விழுந்தார், எதை மறைத்தார் – எல்லாம்.

"ஏன் நானு?"

"என்னைப் பிடிச்சவங்க கேட்டா போனாப் போகுதுன்னு விட்டுடுவாங்க சார். உங்களுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாதே."

உண்மைதான். ஆறு வருஷத்துக்கு முன் வேதபாடம் வாசிப்பவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தவர் இவர். நான் வாசித்தால் சபையைத் திட்டுவதுபோல் இருக்கிறதாம். இருபத்தாறு வருஷம் கல்லூரியில் இயற்பியல் எடுத்த குரல் இது. மறப்பேனா?

ஒத்துக்கொண்டேன். மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாவம் அந்த மனுஷன். உங்களைப் பத்தி முழுசாத் தெரியல அவருக்கு."

மதியம் உட்கார்ந்து பதினோரு கேள்விகள் எழுதினேன். இவ்வளவு உற்சாகமாக வினாத்தாள் தயாரித்து எத்தனை நாளாயிற்று!

ஜூன் 8, சனி

அறையில் ஒரு மேசை, அடுக்கடுக்காக ஞானஸ்நானப் பதிவேடுகள், இரண்டு நாற்காலிகள். ஒன்றுக்குக் கை உடைந்திருந்தது. அதில் அவர் உட்கார்ந்தார்.

"இந்த வாரம் யார் மேலயாவது கோபப்பட்டீங்களா?"

"உங்க மேல. ரெண்டு தடவை."

"எப்போ?"

"உள்ளே வரும்போதே கடிகாரத்தைப் பாத்தீங்களே, அது ரெண்டாவது."

பாடகர் குழுத் தலைவரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டியதையும் ஒத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின், கடைசிக் கேள்வி தன்னுடையது என்றார். "நீங்க இந்த வாரம் பொய் ஏதாவது சொன்னீங்களா சார்?"

இந்த ஏற்பாட்டை யாரும் முதலில் சொல்லவில்லை. இல்லை என்றேன். மனைவியிடம் சொல்வதெல்லாம் இதில் சேராது.

ஜூன் 11, செவ்வாய்

நன்றாகத் தூங்குகிறேன். இரத்த அழுத்தம்கூடக் குறைந்திருக்கிறது.

ஜூன் 15, சனி

நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்பது நான்காவது கேள்வி. "இல்ல சார். புதன்லேர்ந்து நேத்து வரைக்கும் காய்ச்சல். கட்டிலை விட்டே எறங்கல." குறித்துக்கொண்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாட்டினார்!

பிரசங்கத்தில் ஒரு கதை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனதாம். இவர் பயந்து நடுங்கியதைப் பார்த்து, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு நோயாளி அம்மா இவர் கையைப் பிடித்து ஜெபித்தாராம். சபையே மூக்கை உறிஞ்சியது. என் மனைவியும்தான்.

வியாழக்கிழமை கட்டிலில் கிடந்தவருக்கு ஏது லிஃப்ட்?

பேராயருக்கு ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஆறு வருஷம் காத்திருந்தவன், ஆறு நாள் காத்திருக்க மாட்டேனா? முதலில் அவர் வாயால் வரட்டும்.

ஜூன் 22, சனி

"அந்த லிஃப்ட் விஷயம் நடந்ததா?"

மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தது. எனக்கில்ல, என்கூடப் படிச்ச ஒருத்தருக்கு. 'ஒருத்தர் சொன்னாரு'ன்னா யாரும் நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டாங்க சார். எனக்கே நடந்ததுன்னா அழறாங்க."

"இதுதான் முதல் தடவையா?"

"மூணாவது."

முதல் தடவை என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஏன் சொல்லவில்லை இந்த மனிதர்?

"நாளைக்கே சபையில சொல்லிடறேன். சபைக் குழு என்னை அனுப்பிட்டாலும் அனுப்பிடும். அனுப்பட்டும்" என்றார்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

சொன்னார். மூன்றையும் சொன்னார். "பிரசங்க பீடத்துல நின்னு பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க." சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. குழுச் செயலாளரான கடிகாரக்கடைக்காரர் பாதியில் எழுந்து வெளியே போனார்.

வீட்டு வாசலில் மனைவி கேட்டாள்: "அப்போ நான் அழுததும் பொய்யாங்க?"

இயற்பியலில் இதெல்லாம் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

குழு கூடியது. போதகரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? சனிக்கிழமைக் கேள்விகளைப் பற்றிப் போதகரே சொல்லியிருந்ததால் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். கடிகாரக்கடைக்காரர் வக்கீலே தோற்கும்படி விசாரித்தார்.

"உங்ககிட்ட எதையாவது மறைச்சாரா?"

"கேட்டதை மறைக்கல. கேக்காததையும் சேத்துச் சொன்னாரு."

"உங்களுக்கு அவரைப் பிடிக்குமோ?"

"பிடிக்காது. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே."

சிரித்துவிட்டார்கள். அதுதான் எடுபட்டது. பிடிக்காதவரே இப்படிச் சொல்கிறார் என்றால் நம்பலாம் என்றார் குழுவிலிருக்கும் டாக்டரம்மா. மூன்று மாதம் பிரசங்கம் கிடையாது, பொறுப்பில் நீடிக்கலாம் என்று முடிவாயிற்று. செயலாளரே கடைசியில் ஆதரவாகக் கை தூக்கினார்.

வீடு வரை நடந்தே வந்தேன். மனசு நிறைந்திருந்தது. ஒரு சின்ன முள் மட்டும் எங்கேயோ.

ஜூன் 29, சனி

பதினோரு கேள்விகளும் முடிந்தன. அவர் முறை.

"இந்த வாரம் பொய் ஏதாவது சொன்னீங்களா சார்?"

"ஒண்ணு. குழுவுல."

"என்ன சொன்னீங்க?"

"உங்களைப் பிடிக்காதுன்னு சொன்னேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"அதை அவங்ககிட்டதான் சொல்லணும் சார். அதை நம்பித்தானே என்னை வெச்சிருக்காங்க."

"மறுபடியும் விசாரிப்பாங்க. உங்க வேலை..."

"தெரியும் சார்."

கடிகாரக்கடைக்காரருக்குப் போன் செய்தேன். 'இன்னும் என்னய்யா?' என்று அலுத்துக்கொண்டார். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகப் போதகர் சொன்னார்.