அழைப்பிதழில் இல்லாத சொல்

அன்புள்ள அண்ணை,

என் மகள் தாரிகாவின் கலியாண அழைப்பிதழில் அவளுடைய அப்பாவின் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று போடும்படி, கனடாவிலிருந்து நீங்களே அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். 1987இல், பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்ததை உலகம் பார்த்தது. அதன் மிச்சத்திலிருந்து அவுஸ்திரேலியத் தொலைநோக்கிகளுக்கு வரும் வானொலி அலைகளை நான் வட்டுக்கோட்டையில் இருந்து ஆராய்கிறேன். முதலில் வந்த அலை சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. மூன்று வருடம் கழித்துத் திரும்பவும் எழுந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் வலுத்துக்கொண்டுதான் போனது.

அந்த நட்சத்திரம் செத்த செய்தி வந்த நாளை எவரும் சொல்வார்கள். தாரிகாவின் அப்பாவை விசாரிக்கவென்று கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பாதவர்கள் மட்டும் இன்றுவரை ஒரு நாளையும் சொல்லவில்லை. அவர்கள் வாய் திறக்காதபோது நாங்கள் ஏன் முந்திக்கொண்டு அச்சடிக்க வேண்டும்?

நேற்று அச்சகத்துக்குப் போனேன். முதலாளி கேதீஸ்வரன் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் அடிச்சு முடிஞ்சுது, அக்கா."

"அந்தச் சொல் இல்லாமல் திருப்பி அடியுங்கோ."

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் கோவிப்பினம்."

"கோவிக்கட்டும். தாரிகாவும் அதைத்தான் சொன்னவள்."

வீணான அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவற்றின் வெறும் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். திருப்பிப் பாருங்கள், அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டியிருக்கிறேன். புதிய அட்டை தனியாக வரும். அதில் பெண்ணின் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். அப்படியே வாசித்துவிட்டு, கலியாணத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி,
உங்கள் தங்கச்சி