உன் அப்பா பெயரை வைக்கலாமா என்று கேட்டாயே

நாரின்
ஏப்ரல் மாதம்

அன்பு மகன் எர்மெக்குக்கும் மருமகள் ஐஸாதாவுக்கும் அம்மா எழுதுவது. இங்கே ஆடு மாடு சுகம், அவற்றை மேய்க்கிற நானும் சுகம், கஸானில் நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். மூவர் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பாக வருகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்கறி சூப்பு வைத்துக் கொடு, கொழுப்பை வழித்து எறியாதே, அதில்தான் பால் இருக்கிறது. ஃபோனில் நீ "அம்மா, பையனுக்கு அப்பா பேரையே வச்சிடலாமா? நீங்க சரின்னு சொன்னாத்தான் வைப்பேன்" என்று கேட்டதும் நான் பசு கன்று போட்ட கதையை ஆரம்பித்துவிட்டேன். நீயும் பாவம், கன்று காளையா கிடாரியா என்று கேட்டுக்கொண்டு நின்றாய். கேட்டது காதில் விழாமல் இல்லையப்பா, வாய்தான் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும், ஐஸாதா அங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்காக எழுதுகிறேன். நம் வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மற்றவர்களுக்கெல்லாம் நிலா, பூ, வெள்ளிக்கிழமை என்று ஏதோ ஒன்று போயிற்று, ஒப்பேற்றிக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தவர் பெயரிலோ மலையிலிருந்து உருண்டு வருகிற அந்தக் கெட்டியான சாமான். உத்தியோகமும் மலை ரோடு போடுகிற இன்ஜினியர் உத்தியோகம், பேச்சை எடுத்தால் அதைத் தவிர வேறென்ன வரும். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு நான் 'கெட்டி' என்றுதான் சொல்கிறேன். அரிசியில் கெட்டி, குதிரைக் குளம்பில் கெட்டி, உன் சித்தப்பாவின் சிறுநீரகத்தில் கெட்டி.

நீ தொட்டிலில் இருந்தபோது ஒருநாள் கணவாயிலிருந்து ஃபோன் வந்தது, பெரிசாக ஒன்று உருண்டு ரோட்டை அடைத்துவிட்டது, சாரை உடனே வரச் சொல்லுங்கள் என்று. உன் அப்பா முற்றத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். பதற்றத்தில் எனக்குக் கெட்டியும் மறந்துபோய், "உங்க பேர்க்காரர் கணவாய் ரோட்டுல குறுக்கே விழுந்து கெடக்காராம், ஒரு வண்டியும் போக முடியலயாம்" என்று கத்தினேன். அவர் ஆபீசில் புல்டோசர் ஓட்டுகிறவனுக்கும் இதே பெயர், ஆள் குடிகாரன். "மறுபடி ஏத்திக்கிட்டானா பாவி" என்று இவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரையும் ஸ்ட்ரெச்சரையும் ஏற்றிக்கொண்டு, கம்பளி வேறு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நின்ற லாரிக்காரர்கள் விடுவார்களா, "டாக்டரய்யா, கல்லுக்கு நாடி இருக்கான்னு பாருங்க, ஸ்ட்ரெச்சர்ல நாங்க ஏத்தி விடுறோம்" என்றார்களாம். திரும்பி வந்து புல்டோசரைக் கூட்டிப் போனபோது அந்தப் பேர்க்காரன்தான் ஓட்டிப் போனான், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல். சாயங்காலம் வந்து திட்டப் போகிறார் என்று நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டால், மனிதர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. மறுநாள் உள்ளங்கை அளவில் ஒரு கெட்டியைக் கொண்டுவந்து ஃபோன் பக்கத்தில் வைத்தார். "இனிமே நீ வாயே தொறக்க வேணாம், இதைத் தூக்கிக் காட்டு, நான் கெளம்பிடுறேன்" என்றார். அப்படித்தான் எத்தனையோ வருஷம் அவரைக் கணவாய்க்கு அனுப்பினேன்.

ரிட்டயர் ஆனவர் வீட்டில் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. விருந்துக்குப் போனால் டீக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவதுதான் மரியாதை, நிறைய ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். இவர் "நெறயவே ஊத்தும்மா, எனக்கு வேலை கெடக்கு" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். என்ன வேலை, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர்களிடம் எந்த வளைவில் குழி விழுந்திருக்கிறது என்று விசாரிப்பதுதான். சின்ன வயதில் பிள்ளைகள் உங்களை ஏரிக்குக் குளிக்கக் கூட்டிப் போனாரே, நீங்கள் தண்ணீரில் இருந்தீர்கள், அவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரை ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் உங்கள் துணியை ராத்திரி அடுப்புப் பக்கத்தில் காயவைத்து மடித்தது அவர்தான், அக்கம்பக்கம் பார்த்துவிடும் என்று ஜன்னலை மட்டும் மூடிக்கொள்வார். நல்ல மனிதர் எர்மெக், அதை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் தலைக்கு ஏறியிருக்கும்.

உன் பெரிய அத்தை புருமகானிடம் பெயர் விஷயத்தைச் சொன்னேன். பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அவன் சேட்டை பண்ணுவான், நீ பேரச் சொல்லித் திட்டுவே, செத்துப்போன என் தம்பிக்கு அது போய்ச் சேராதா?" என்றாள். நான் சொன்னேன், "அண்ணி, பேரச் சொல்லாமலே அவரைத் திட்டுனது கொஞ்சமா, எல்லாம் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சே." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அவளைச் சொல்லி என்ன, எனக்கே பயம்தான். போன மாதம் சமாதிக்கு வைக்கிறதற்கு ஒன்று பார்க்க அவளோடு போனேன். செதுக்குகிற பையன் என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கேட்டான். நான் அவன் முன்னால் இருந்ததைச் சுட்டிக் காட்டினேன். "கல்லு இருக்கட்டும் பெரியம்மா, பேரச் சொல்லுங்க" என்றான். மறுபடி அதையே காட்டினேன். கடைசியில் உன் அத்தைதான் சொன்னாள். வெட்டினான், நன்றாகத்தான் வெட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்தபின் தோன்றியது, இலையுதிர் காலத்தில் அவர் போனதிலிருந்து நம் வீட்டு வாசலில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. முன்னெல்லாம் லாரிக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கடன் கேட்கிறவன், யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு அது கதவு சத்தம் மாதிரி பழகிப்போயிருந்தது.

நேற்று தொழுவத்தில் யாரும் இல்லாத நேரத்தில் நானே சொல்லிப் பார்த்தேன். முதலில் முணுமுணுத்தேன். அப்புறம் சத்தமாகவே வந்துவிட்டது. பசு திரும்பிப் பார்த்தது, வேறு யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். பேர் சொல்லப் பிள்ளை வேண்டும் என்பார்கள், என்னைப் பேர் சொல்ல வைக்கப் பேரன் வந்திருக்கிறான். அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க எனக்கு ஒருவன் வேண்டும் எர்மெக். வை.

வருஷத் திதி விருந்துக்கு மூவரும் வந்துவிடுங்கள், அறுக்கக் குதிரை ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். குளிர் படாமல் பிள்ளையின் காதை மூடித் தூக்கி வா. உங்கள் வழியெல்லாம் தடையில்லாமல் வெள்ளையாக இருக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். குட்டித் தாஷ்தானை நான் உச்சி முகர்ந்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா