முதல் பன்

காரைக்கால்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சில்வியாவுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையுமில்லை. அங்கே பிரான்சில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே பதில் பேசிவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுக்கப் படி.

அப்பா கண்ணை மூடிய பிறகு பேக்கரியை விற்காமல் அங்கிருந்தபடியே நீ நடத்துவதில் எனக்குப் பெருமைதான். கேமரா வைத்ததையும் நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அதில் பார்த்துவிட்டுக் கடைக்கு ஃபோன் போட்டு, "ஈட்டுக்கு ஒரு பன் உங்க வாய்க்குள்ள போவுதே மாமா, கேமரா இருக்கறது தெரியாதா?" என்று அடுப்படியில் நிற்கும் முத்தையண்ணனைக் கேட்டாயே, அது திருட்டு இல்லை கண்ணு. உன் அப்பா கப்பலில் சமையற்காரர், வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். கடை திறந்த வருஷம் கிளம்புகிற அன்று, மாவுக் கையோடு நின்ற இவரிடம், "முத்தையா, என் நாக்க ஒங்கிட்ட விட்டுட்டுப் போறேன். ஒவ்வொரு ஈட்டுலயும் மொதப் பன்ன நீ தின்னு பாக்காம ஒண்ணும் வெளிய போவக் கூடாது" என்று சொன்னார். எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினாலும் வியாபாரத்தைக் கேட்க மாட்டார், "இன்னிக்கு பன் எப்படிடா?" என்றுதான் கேட்பார். இவரும் சூட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டு, "ஏலக்கா தூக்கல்ணே, நீங்க இருந்தா திட்டியிருப்பீங்க" என்பார், அப்பா சிரிப்பது ரிசீவருக்கு வெளியேயும் கேட்கும். நீ என் இடுப்பிலிருந்தபடி ரிசீவரைப் பிடுங்குவாய். மூன்று மணிக்கு அடுப்பைத் திறக்கும்போது இப்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும்.

நீ கேட்ட நாளிலிருந்து அவர் பன்னை வாயில் வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை உப்பில்லாமலே இரண்டு ஈடு வெளியே போய்விட்டது. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் குஞ்சம்மா கடித்த பன்னைத் திருப்பிக் கொண்டுவந்து, "உப்பு தீந்துபோச்சுன்னா ஒரு வார்த்த சொல்றதுதானே, எங்க ஊர்ல கடலே கெடக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. நேற்று கடைச் சாவியை என்னிடம் நீட்டி, "திருநள்ளாறு லாட்ஜில வேலைக்குக் கூப்புடறாங்கம்மா, வர்ற ஞாயித்துக்கெழமையோட நின்னுக்கறேன்" என்றார். நான் கை நீட்டவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நீ அவரைக் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். மகள் கடை, நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன், அந்தத் தப்பு என்னுடையது.

மன்னிப்பு என்றெல்லாம் பெரிதாகப் பேசாதே, கூச்சப்படுவார். மாலை ஈடு மூன்று மணிக்கு இறங்கும், உனக்கு அப்போது காலை பதினொன்றரை. நாளைக்கு அந்த நேரம் கூப்பிட்டு, இன்னிக்கு பன் எப்படி மாமா என்று மட்டும் கேள். தின்று பார்த்தால்தானே அவரால் சொல்ல முடியும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள், மாதா உன்னைக் காப்பாற்றட்டும். பதினொன்றரை, மறந்துவிடாதே. மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுக்க வேண்டும்.

உன் அம்மா,
சலோமி செல்வநாதன்