எட்டு கிலோ காற்று

செவ்வாய்க் கிரகம், தெற்குக் குடியிருப்பு, வீடு 14

புயல் ஐந்தாம் நாள், காலை 7.10

எழுதுவது நாச்சிமுத்து, கம்ப்ரசர் மெக்கானிக். இதை எடுத்துப் படிப்பவர் யாரானாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வீட்டு கம்ப்ரசர் என் கையால் பூட்டியது. குடியிருப்பின் காற்று ஆலையிலிருந்து மெலிதாக வருவதை இதுதான் டேங்கில் எட்டு கிலோ அழுத்தத்துக்கு ஏற்றித் தருகிறது. இன்று ஆறுதான் காட்டுகிறது. ஃபில்டரில் தூசி, தட்டிப் போட்டேன். மூன்றுக்குக் கீழே போனால் வீட்டில் மூச்சுவிட முடியாது. ஆலை வேலைக்குப் போன என் மனைவி கலாமணி புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அவள் வருவதற்குள் சரி செய்துவிடுவேன்.

பிற்பகல் 1.40

ஐந்தரை. பெல்ட்டை இறுக்கினேன். மோட்டார் கும்மென்று ஓடுகிறது, நிறுத்தினால் முள் இறங்குகிறது. ஒரு தடவை மோட்டார் நின்றிருக்கும்போதே முள் கொஞ்சம் ஏறியது. மீட்டர் கோளாறு, ஒரு தட்டு தட்டினேன். பிரஷர் சுவிட்ச் அடியில் சின்னச் சீறல். அது கிடக்கட்டும்.

டேங்க் காற்று திரும்பிப் போகாமல் தடுக்கும் பின்வால்வைப் பார்க்கலாம்தான். பார்க்க மாட்டேன். அந்த வால்வு ஒரு வருஷம் தாங்காது என்று பக்கத்து வீட்டு ஆறுச்சாமி பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரித்தான். அன்றோடு எங்களுக்குள் பேச்சு இல்லை. எவன் பூட்டிய வால்வு என்று நினைத்தான் அவன்?

மாலை 5.15

நாலு. ஒவ்வொரு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் அடித்தேன். டேங்குக்குப் பின்னால், சுவர் ஓரத்தில் நுரை கிளம்பியது. கையை விட்டுத் தடவினால் ஒரு செப்புக் குழாய். நான் போட்டதல்ல. சுவரைத் துளைத்து நேராக ஆறுச்சாமி வீட்டுக்குப் போகிறது.

திருட்டு நாய். என் காற்றை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறான். கலாமணி வந்தால் எதை மூச்சுவிடுவாள்? குழாயைக் குறடால் நசுக்கி மடக்கினேன். பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ரெண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மூடுபாதை வழியாகப் போகிறேன்.

மாலை 6.05

கதவை உடைக்கிற மாதிரி அடித்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல்:

"நாச்சி, கொழாய மட்டும் புடுங்கீராத. கதவத் தொறக்கறன், உக்காந்து பேசலாம்."

கதவு திறந்தது. முதல் அடி தோளில், அடுத்தது வாயில். பல் தெறித்தது. அவனும் சும்மா இல்லை, என் இடது கையை முறுக்கி உடைத்துவிட்டான். அந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை அவனுடைய கம்ப்ரசரின் தலையிலேயே போட்டேன். ஹோஸ் பிய்த்துக்கொண்டு எகிறி அவன் முகத்தில் மாறி மாறி அறைந்தது. விழுந்தான். நான் அப்போதும் நிறுத்தவில்லை. காற்று முழுக்கப் போய் ஹோஸ் அடங்கியபோது அவனும் அடங்கியிருந்தான். நன்றாக வேண்டும் அவனுக்கு.

மாலை 6.30

மூன்றரை. குழாயை நசுக்கிய பிறகு முள் ஏற வேண்டும். முன்னைவிட வேகமாக இறங்குகிறது. மோட்டாரை நிறுத்தினேன். சுவிட்ச் அடியில் சீறல் நிற்கவே இல்லை. முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும் அது என்னவென்று. பின்வால்வு போய்விட்டது. என் வால்வு.

டார்ச் அடித்து அந்தச் செப்புக் குழாயைப் பார்த்தேன். அதில் ஒருவழி வால்வு பூட்டியிருந்தது. அதன் மேல் அம்புக்குறி. அது என் டேங்கைப் பார்த்து இருந்தது.

மாலை 6.50

ரேடியோவில் கலாமணி:

"ஏனுங்க மாமா, கேக்குதுங்களா? புயல் அடங்கிருச்சு, கெளம்பி வந்துட்டிருக்கறனுங்க. நம்ம மிசின்ல முள்ளு எறங்குதுன்னு நாந்தான் ஆறுச்சாமி அண்ணங்கிட்டச் சொன்னனுங்க. போன வாரம் நீங்க இல்லாதப்ப அவருதான் வந்து கொழாய் போட்டு உட்டாரு. அவருக்கு மிச்சமாகறப்பெல்லாம் நமக்குத் தள்ளி உடறாரு. சொன்னாப் புடுங்கி வீசீருவீங்கன்னு சொல்லலீங்க. அண்ணன் பக்கத்துல இருந்தா ரேடியோவக் குடுங்க, ஒரு வார்த்தை சொல்லோணும்."

தூங்குகிறார் என்றேன். சரி, வந்து நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

மாலை 7.15

மூன்று. அவன் கம்ப்ரசரைப் போய்ப் பார்த்தேன். தலை ரெண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஒற்றைக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. அவனைத் தாண்டித்தான் போய் வர வேண்டியிருந்தது. ஆறுச்சாமி, நீ கதவைத் திறந்திருக்கவே கூடாதப்பா.

ஆலை வண்டியில் இங்கே வந்து சேரும் அளவுக்குத்தான் காற்று இருக்கும். பாதி வழிக்குள் திரும்பினால் பிழைத்துக்கொள்வாள். திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள்.

மாலை 7.40

இரண்டே முக்கால். ரேடியோ கையில்தான் இருக்கிறது. ஜன்னலில் வண்டி விளக்கு தெரிகிறது.