திஜோன் படிப்பும் அம்மாவின் ஜெபமும்

மார்ச் 9, ஞாயிறு. வீடு, கங்காதர நெல்லூர்

காலையிலேயே வெயில். ஃபேன் காற்றும் சூடு. பாக்கி வேலைகள்: பிறப்புச் சான்றிதழின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்துவிட்டதா என்று சென்னைக்கு போன். மார்க் லிஸ்ட் ஸ்கேன். புது போட்டோ (பழையதில் காது தெரியவில்லையாம்).

இந்த நோட்டு தமிழில்தான். திருப்பதி ஹாஸ்டல் அறையில் மற்ற மூன்று பேருக்கும் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெலுங்குதான். ஞாயிறு பள்ளிக்காக வேதாகமத்தை மடியில் வைத்து அம்மா சொல்லிக் கொடுத்த தமிழ் இது. அதனால்தான் கோபமாக எழுதினாலும் பிரசங்கம் மாதிரி வருகிறது.

ஆராதனையில் போதகர் ஜெபக் குறிப்பு கேட்டார். நைனா பெருமை தாங்காமல் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பிரான்சில் திஜோன் என்ற ஊர், அங்கே பல்கலைக்கழகம், உணவு அறிவியலில் மாஸ்டர்ஸ், முதல் வடிகட்டலில் மகள் தேறிவிட்டாள், 19ஆம் தேதி வீடியோவில் நேர்காணல். சபையே "கட்டாயம் கிடைக்கணும் ஆண்டவரே" என்றது. அம்மா மட்டும், "அவருக்குச் சித்தமானது நடக்கட்டும்."

வழியில் கேட்டேன். "ஏம்மா, கெடைக்கணும்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவே?"

"ஆண்டவருக்குத் தெரியாதா? பைய புடி, கை நோவுது."

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கியதிலிருந்து அம்மா மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்தான். எதற்கு உபவாசம் என்றால் "எல்லாத்துக்கும்" என்கிறாள். எரிச்சல்.

மார்ச் 13, வியாழன். திருப்பதி

லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. மெஸ்ஸில் மறுபடியும் சுரைக்காய்.

குளிக்கும்போது பிரெஞ்சுப் பயிற்சி. வார்டன் கதவைத் தட்டி, உள்ளே யாரைத் திட்டுகிறாய் என்றார். அறைத்தோழி லாவண்யாவுக்கு ஒரே கவலை: "அக்கட அன்னம் தொருகுதுந்தா?" சோறு கிடைக்கும், வெட்கமில்லாமல் கேட்டுச் சாப்பிடுவேன் என்றேன்.

படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் நேர்காணலில் சில நிமிடம் பிரெஞ்சு. அதற்குத்தான் இந்தக் குளியலறைப் பயிற்சி.

மார்ச் 16, ஞாயிறு. வீடு

ஹாஸ்டல் நெட் நம்ப முடியாது. புதன் வரை இங்கேதான்.

அடுப்படியில் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் சொல்ல வேண்டிய பதில். அது "பார்ஸ்க" என்று தொடங்கும். பத்து தடவை ஆனதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதென்னாடீ பார்ஸ்கா, பார்ஸ்கான்னு?"

"'ஏன்னா'ன்னு அர்த்தம்மா."

"ஏன்னான்னு சொல்றதுக்கு அவ்ளோ வாயா?"

அப்புறம் சாயங்காலம் முழுக்க அதே கேலி. நைனா எதற்குக் காபி கேட்கிறார்? பார்ஸ்கா. கோழி ஏன் கத்துகிறது? பார்ஸ்கா. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். இவளை விட்டுவிட்டு அங்கே யாரோடு சிரிப்பேன் என்று திடீரென்று தோன்றியது. உடனே எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 19, புதன்

முடிந்தது. எழுத்து கோணல்.

ஸ்டூல் மேல் டிரங்குப் பெட்டி, அதன் மேல் லேப்டாப். மேலே நல்ல சட்டை, கீழே நைட்டி. நைனா தெருவில் நின்று பைக்கில் போகிறவர்களை "மெல்ல போப்பா, பொண்ணு பிரான்ஸ்காரங்கோ கூட பேசிக்கினு கீது" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் சத்தம்தான் அதிகம். அம்மாவை அறைப் பக்கமே வராதே என்று சொல்லியிருந்தேன். கேட்டால்தானே. முறத்தோடு வந்து லேப்டாப்புக்குப் பின்னால் சுவரோரம் குந்தி அரிசி பொறுக்கினாள்.

இரண்டு பேராசிரியர்கள். ஆங்கிலப் பகுதி நன்றாகவே போனது. எங்கள் பக்கத்துப் பெங்களூரா மாம்பழக் கூழ் பற்றிக் கேட்டார்கள், சித்தூர்ப் பெண்ணிடம். விடுவேனா.

பிறகு கண்ணாடி போட்ட அம்மையார் பிரெஞ்சுக்கு மாறினார். பெயர், ஊர் சொன்னேன். அடுத்து, ஏன் இந்தப் படிப்பு. கேள்வி புரிந்தது. பதில் போயே போய்விட்டது. அந்த அம்மையார் பொறுமையாகச் சிரிக்கிறார், அது இன்னும் மோசம்.

நிமிர்ந்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பா. ர். ஸ்க.

சின்ன வயதில் ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் நான் நின்றுவிட்டால் இப்படித்தான், மூன்றாம் வரிசையிலிருந்து முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். முதல் வார்த்தை கிடைத்தால் மீதி தானாக வந்துவிடும் எனக்கு. இன்றும் வந்தது. கடைசிச் சொல் வரைக்கும்.

முடிந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "அரிசி, அரிசி" என்றாள். எல்லாம் தரையில்.

மார்ச் 27, வியாழன். திருப்பதி

மெயில் இல்லை. மாம்பழ ஜூஸ் விலை ஏறிவிட்டது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி. வீடு

கிடைத்துவிட்டது.

மெயிலை நான்கு தடவை படித்தேன். நைனா லாரியில் லோடு ஏற்றப் போயிருக்கிறார், போனிலேயே அழுதார். நாளைய குருத்தோலை ஞாயிற்றுக்காக அம்மா ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "சந்தோஷம்" என்று அடுத்த ஓலையை எடுத்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். அதுவும் வரவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. கெடைக்கக் கூடாதுன்னுதான் நான் உபவாசம் இருந்தேன்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பறம் ஏம்மா அன்னிக்குச் சொல்லிக் குடுத்தே? சும்மா இருந்திருந்தா அதோட போயிருக்குமே."

"நீ முழிச்சிக்கினு இருந்தியே. பெத்தவ அத பாத்துக்கினு எப்பிடி சும்மா குந்தினு இருப்பா?"

அழுதேன். அவளும்தான். ஓலை நனைந்தது.

சேர்க்கையை ஏற்கிறேன் என்று இணையத்தில் பதில் போட வேண்டும். என்னால் போட முடியவில்லை. அம்மாதான் "அத அமுக்குடீ, அவங்கோ வேற யாருக்காவது குடுத்துறப் போறாங்கோ" என்றாள். அமுக்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. அடுத்து: விசா நேரம் பிடிப்பது, தங்கும் அறைக்கு எழுதுவது, கம்பளிக்கு எங்கே போவது?

அம்மா இன்றும் இட்லியைத் தொடவில்லை. அதான் கிடைத்துவிட்டதே, இப்போது எதற்கு உபவாசம் என்று கேட்டேன்.

"விசாக்கு."

"கெடைக்கணும்னா, கூடாதுன்னா?" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.