ஏகமனதாக

இன்று காலை நம் பள்ளிக் கமிட்டிக் கூட்டத்தில் அனிதா டீச்சர் பேசிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் விமானம் போயிற்று. அவள் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசிக்கொண்டே போனாள். காதில் விழுந்ததோ இல்லையோ, மற்றவர்களும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்கள். எனக்கு மட்டும் பேனா தானாக நின்றுவிட்டது. சத்தம் அடங்கும்வரை மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பழக்கிவிட்ட பழக்கம் அது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நானும் வீட்டுக்குப் போகலாம், எழுந்திருக்கத்தான் தெம்பில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, பயமாக இருந்தது. இன்றைக்கு பயப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பல்லாவரத்தில் நாம் இருவரும் வேலை பார்த்த அந்தப் பள்ளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்.கே.ஜி.க்கு நுழைவுத் தேர்வு வைத்தார்களே, ஒரு குழந்தை பயத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டு நின்றதே, அன்றைக்கு நீ அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குள் போய், "இந்தத் தேர்வில் தேறினது இவள் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். வந்தவள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரம் நானும் விலகினேன். உனக்கிருந்த கொள்கை எனக்கு ஏது? நீ இல்லாமல் அங்கே சாப்பாட்டு நேரத்தில் பேச ஆளில்லை, அதனால்தான் வந்தேன். இதை உன்னிடம் சொல்லி நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் பொழிச்சலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீட்டில் நம் பள்ளி ஆரம்பமாயிற்று. தேர்வு இல்லை, ரேங்க் இல்லை. பிள்ளைகள் நம்மை அக்கா என்று கூப்பிட்டார்கள். கணக்குப் பாடம் காய்கறிக் கடையில் நடந்தது, பூகோளம் பல்லாவரம் பஸ் போகிற வழியில் நடந்தது. தலைமை ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஆசிரியர் 'பொறுப்பு'. நீ எம்.ஏ. படித்தவள், ஆசிரியர் பயிற்சி இல்லாதவள். நான் பயிற்சி முடித்தவள், உன்னைப்போலச் சொல்லித்தர வராதவள். ஊரில் எல்லாரும் அதை உன் ஸ்கூல் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்று குத்தும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. நாலு ஆசிரியர்கள், மூன்று பெற்றோர்கள், கீழே பாய். ஓட்டெடுப்பு கூடாது என்று நீ முதல் நாளே சொல்லிவிட்டாய். யாராவது ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் விஷயம் அடுத்த சனிக்கிழமைக்குப் போகும். அங்கேயும் ஒப்பவில்லை என்றால் அதற்கடுத்த சனிக்கிழமை. "ஒருத்தர் மனசுல முள்ளு இருக்கறப்ப நாம என்னத்த முடிவு பண்றது?" என்பாய். விமான நிலையம் பக்கத்தில்தான், விமானம் வந்தால் கூரை தடதடவென்று ஆடும், ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்த இடைவெளியில் பாதிச் சண்டை தணிந்துவிடும்.

மணி வாங்கின கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கு மணி வேண்டுமா வேண்டாமா என்று மூன்று சனிக்கிழமை பேசினோம். பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த ஏழுமலை, கோமதியின் அப்பா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, ஒரு மணிக்கு மூணு சனிக்கெழமையா? எங்க வூட்ல பொண்ணு பாத்து முடிக்கிறதே இத்தவிட சீக்கிரம் ஆவும். ஒரே பேஜாரா கீது!" கடைசியில் மணி வாங்குவது, கடைசியாக வருகிற பிள்ளைதான் அதை அடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தாமதமாக வருகிறவர்கள் கூசக்கூடாதாம், உன் யோசனை. திங்கட்கிழமையிலிருந்து மணி அடிக்கும் ஆசையில் அத்தனை பிள்ளைகளும் தெருமுனையில் ஒளிந்துகொண்டு, யார் கடைசி என்று காத்திருந்தார்கள். பத்தரை வரை பள்ளியில் நாம் நாலு ஆசிரியர்கள் மட்டும்தான். அதையும் கமிட்டியில் வைத்துப் பேச இன்னும் இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

அப்படியே இருந்திருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அதுதான் சிக்கல். முதல் தொகுதி ஐந்தாம் வகுப்புக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாத பள்ளியின் டி.சி.யை வைத்து ஆறாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்று உயர்நிலைப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஏழுமலை அன்று பாயில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "எம்பொண்ணு நல்லாத்தான் படிக்கிது. உங்கள குத்தம் சொல்லல. ஆனா ஆறாங்கிளாசு கதவ தொறக்கலன்னா நான் அத்த எங்க கூட்டிகினு போவேன்? எங்கூட தோல் ஷாப்புக்கா?"

விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தேன். அதில் 'தலைமை ஆசிரியர் பெயர், பயிற்சித் தகுதி' என்று ஒரு கட்டம். நீ அதைப் பார்த்துவிட்டு, "சுழற்சி முறையில் அனைவரும்னு எழுது" என்றாய். கட்டத்துக்குள் ஒரு பெயர்தான் கொள்ளும் என்றேன். "அப்ப கட்டத்த மாத்தச் சொல்லுவோம். நான் ஆபீசருகிட்ட வந்து பேசறேன்." பயிற்சி முடித்த என் பெயரைப் போட்டால் சுலபம் என்று யாரோ சொன்னார்கள். நீ தலையசைத்தாய். "இவ பேரு மேல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒரு தடவ ஒருத்தர் பேர அங்க எழுதிட்டோம்னா, அப்புறம் நாம எல்லாரும் அந்தப் பேருக்குக் கீழதான். அடுத்த சனிக்கிழமை பேசலாம்." அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோமதியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று பல வருஷம் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்தேன். கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கமிட்டித் தீர்மானத்தின் நகல் இணைக்க வேண்டும் என்றிருந்தது. அந்தப் பருவம் பொறுப்பு என்னிடம், ஆகையால் பள்ளி முத்திரை என் பையிலேயே இருந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, என்னைத் தலைமை ஆசிரியராக ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பதாக நடக்காத கூட்டத்தின் தீர்மானத்தை எழுதினேன். நம் கமிட்டி நோட்டில் அந்த வார்த்தையை நாம் ஒருநாளும் எழுதியதில்லை, தேவைப்பட்டதும் இல்லை. நல்ல கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தி, கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பசித்தது, நிம்மதியாக இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

சனிக்கிழமை கமிட்டியில் சொன்னேன். "கடைசித் தேதி நேத்து வெள்ளிக்கிழமையோட முடிஞ்சது. வேற வழி இல்லாம என் பேரப் போட்டுக் குடுத்துட்டேன்." யாரும் வாயைத் திறக்கும் முன் விமானம் வந்தது. கூரை ஆடியது. ஏழு பேரும் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அத்தனை நேரம் ஒரு விமானம் போனதில்லை. நீ என்னைப் பார்க்கவில்லை, பாயிலிருந்து ஒரு கோரையை உருவிக்கொண்டிருந்தாய்.

சத்தம் அடங்கியதும் கேட்டாய். "தீர்மானம் கேட்டிருப்பாங்களே, என்ன எழுதிக் குடுத்த?"

"ஏகமனதாகன்னு."

"ம்." உருவின கோரையைக் கீழே போட்டாய். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இப்ப யாராச்சும் வேண்டாம்னு சொன்னா அது பொய்த் தீர்மானம் ஆயிடும். பிள்ளைங்க டி.சி.யும் போச்சு. எனக்குச் சம்மதம். உங்களுக்கெல்லாம்?" என்றாய். எல்லாரும் தலையாட்டினார்கள். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்த வார்த்தையை நீயே எழுதினாய், முதல் கையெழுத்தும் நீயே போட்டாய். என் பொய்யை உன் கையால் மெய்யாக்கினாய்.

திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்து, "மேடம், மூணாங்கிளாசுக்குச் சாக்பீஸ் தீர்ந்துபோச்சு" என்றாய். கிண்டல் செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சாக்பீஸை எண்ணி வாங்கிக்கொண்டு போனாய். அதுவரை வாடி போடிதான் நமக்குள். அதற்குப் பிறகு நீ சாகும்வரை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

அங்கீகாரம் வந்தது. கோமதி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள், தீபாவளிக்கு இனிப்போடு வந்து போகிறாள். அவளைப் பார்க்கும்போது நான் செய்தது தப்பென்று சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் நீ சொன்னது அப்படியே நடந்தது. ஒரு பெயருக்குக் கீழே எல்லாம் வந்து சேர்ந்தது. சீருடை வந்தது, தேர்வு வந்தது, மாடிக் கட்டடம் வந்தது. பாய் போய் நாற்காலி வந்தது, நான் தாளாளரும் ஆனேன். அக்கா என்று கூப்பிட்ட பிள்ளைகள் மிஸ் என்றார்கள். சனிக்கிழமைக் கூட்டம் மாதம் ஒரு முறையாயிற்று, பிறகு பருவத்துக்கு ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் நீ எழுந்து உன் கருத்தைச் சொன்னாய், மரியாதையாக, ஒரே ஒரு தடவை. நான், "குறித்துக்கொள்கிறேன்" என்பேன். நீ உட்கார்ந்துவிடுவாய். வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடுவாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது ஒன்று சொல்லத்தான் வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், மழைக்கு முன்னாடி மூணாங்கிளாஸ் ஜன்னலச் சரி பண்ணிடுங்க, சாரல் அடிக்குது" என்றாய். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜன்னலைச் சரிசெய்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

இன்றைக்குக் கூட்டத்தில், எனக்கு வயதாகிவிட்டது, வேறு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அனிதா எழுந்தாள். கெட்டிக்காரப் பெண், என்மேல் நிஜமாகவே பிரியம் உள்ளவள். நான் ஆயுள் முழுக்கத் தாளாளராக இருக்க வேண்டும் என்று தீர்மானம் வாசித்தாள். ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்றும் வாசித்தாள். தாளை வாங்கிப் பார்த்தேன், நேற்றே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். "எப்படிம்மா, யாரையும் கேக்காமலே?" என்றேன். "இதுல கேக்க என்ன மேடம் இருக்கு? யார் வேணாம்பாங்க?" என்று சிரித்தாள்.

எனக்குள் ஏதோ உடைந்துபோயிற்று. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நடக்காத கூட்டத்துக்கு நான் எழுதிய தீர்மானத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். கடைசித் தேதி அந்த வெள்ளிக்கிழமை இல்லை. இன்னும் பத்து நாள் இருந்தது. இன்னொரு சனிக்கிழமை முழுசாக இருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குள் நீ ஆபீசருடன் பேசிக் கட்டத்தை மாற்றிவிட்டாலும் மாற்றிவிடுவாய் என்றுதான் நான் காத்திருக்கவில்லை. என் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். இதையும் சொன்னேன்.

பிறகு அனிதா கண் கலங்கி, "ஸ்கூலுக்காக எவ்ளோ பெரிய ரிஸ்க் எடுத்திருக்கீங்க மேடம்" என்றாள். கைதட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? இவர்களுக்கு என்மேல் கோபப்படத் தெரியாது, நான் பழக்கவில்லை. உனக்குத் தெரியும். உனக்கு எத்தனை கோபம் வந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். இருபது வருஷத்துக்குமேல் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோமே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, "நீ பண்ணினது தப்புடி" என்று என் முகத்தைப் பார்த்துத் திட்டியிருக்கக் கூடாதா? அன்றைக்கே உன் மடியில் விழுந்து அழுது தீர்த்திருப்பேனே. இப்போது யாரிடம் போய்த் திட்டு வாங்குவேன் நான்?